கறியை நிறுத்துவதா, நிறுத்துச் சாப்பிடுவதா?

சிறுநீரக நோயும் அசைவமும்: வாசகர் கேள்வி – பதில்

சிறுநீரகத்தில் கோளாறு என்று தெரிந்த அன்றே பல வீடுகளில் முதலில் நின்றுபோவது கறி. எவ்வளவு, எத்தனை நாளைக்கு, எந்த நிலையில் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி இதைப் பற்றியே இருப்பதால் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கீழே உள்ள அளவுகள் பெரியவர்களுக்கானவை. உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. கிரியாட்டினின் 2.1, மூன்றாம் நிலையின் பிற்பகுதி என்றார்கள். சர்க்கரை நோய் இல்லை. கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். ஒரு மாதத்தில் 64 கிலோவிலிருந்து 60 கிலோவுக்கு இளைத்துவிட்டார். நாங்கள் செய்தது சரிதானா?

பதில்: சரியில்லை. இந்த 4 கிலோ இறக்கத்தை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். காலில் வீக்கம் இருந்து அது வடிந்ததால் எடை குறைந்திருந்தால் கவலையில்லை. வீக்கமே இல்லாமல் இளைத்திருந்தால் தசை கரைகிறது என்று பொருள். சாப்பாட்டில் மாவுச்சத்தும் கொழுப்பும் போதாமல் போனால் உடல் தன் தசையையே எரித்துக்கொள்ளும். அப்படி எரியும் தசையிலிருந்தும் யூரியா என்ற கழிவு வரும். கறி சாப்பிட்டால் வருகிற அதே யூரியாதான்.

இன்னொன்று: கிரியாட்டினின் தசையில் உருவாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய பொருள். தசை குறைந்தால் அதுவும் கொஞ்சம் இறங்கும். தாளில் 2.1 என்பது 1.9 ஆனதும் 'கறியை விட்டதால் குணமாகிறது' என்று வீட்டில் மகிழ்வார்கள். வடிகட்டும் திறனோ இருந்த இடத்திலேயே இருக்கும். எடை இறங்க இறங்கக் கிரியாட்டினினும் இறங்கினால் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி கணக்கு. டயாலிசிஸ் தொடங்காத 3 முதல் 5ஆம் நிலை வரையிலான நோயாளிக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் 0.8 கிராம் புரதம் என்கிறது உலக அளவிலான சிறுநீரக வழிகாட்டு அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ.வின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 1.3 கிராமைத் தாண்டுவதைத் தவிர்க்கவும் அது சொல்கிறது. சில மருத்துவர்கள் 0.55–0.6 கிராம் வரை இறக்குவதுண்டு. அது உணவியல் நிபுணரின் நெருங்கிய கண்காணிப்பில் நடக்க வேண்டியது; வீட்டில் தாமாகச் செய்யக் கூடாதது.

அப்பாவின் எடை 60 கிலோ. 60 × 0.8 = 48 கிராம் புரதம். இதை 48 கிராம் கறி என்று புரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். எலும்பில்லாத, வெந்த கறி 30 கிராமில் ஏறக்குறைய 7 கிராம் புரதம்தான் இருக்கிறது. தானியம், பருப்பு, பால், காய் ஆகியவற்றிலிருந்து ஒரு நாளில் 28 கிராம் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 20 கிராம். அதற்கு வெந்த கறி 85 கிராம் போதும்.

வேகும்போது கறி தன் எடையில் கால்வாசியை இழக்கும். ஆகவே 85 கிராம் வெந்த கறி வேண்டுமென்றால் பச்சையாக, எலும்பில்லாமல் 115 கிராம் எடுக்க வேண்டும். எலும்போடு என்றால் சுமார் 160 கிராம். எலும்பு மிகுந்த பகுதியானால் இன்னும் கூடும். கண்ணால் பார்க்க வேண்டுமா? விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கை அளவு, சுண்டுவிரல் தடிமன். ஆனாலும் முதல் இரண்டு வாரமாவது சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நம் கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடும். தட்டில் '100 கிராம் இருக்கும்' என்று வைத்ததைத் தராசில் போட்டால் 180 காட்டும்.

கறி சாப்பிடுகிற நாளில் பருப்பையும் பாலையும் வழக்கம்போலவே வைத்துக்கொண்டால் கணக்கு உடையும். அன்று அவற்றைப் பாதியாக்குங்கள். அதோடு, ஒரு கிலோ எடைக்கு 25–35 கலோரி, அதாவது அப்பாவுக்கு 1,500 முதல் 2,100 கலோரி வரை உள்ளே போக வேண்டும். அது போகாவிட்டால் எவ்வளவு துல்லியமாகக் கறியை நிறுத்தாலும் அந்தப் புரதம் அடுப்பு விறகாகத்தான் எரியும். உடல் பருமன் உள்ளவர்கள், நீர் கோத்து வீங்கியிருப்பவர்கள் தராசு காட்டும் எடையை இந்தக் கணக்கில் போடக் கூடாது. எந்த எடையைக் கொள்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆடு, மாடு, கோழி, மீன் – எது சிறுநீரகத்துக்கு நல்லது? சிவப்பு இறைச்சியைத் தொடவே கூடாது என்கிறார்களே?

பதில்: புரத அளவில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. உள்ளே போனபின் நடப்பதில்தான் வேறுபாடு.

புரதம் எதுவானாலும், அதிகமாகச் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குச் சிறுநீரக வடிகட்டிகளுக்குள் ரத்தம் பாயும் அழுத்தம் கூடும். பத்து லட்சம் வடிகட்டிகள் உள்ள சிறுநீரகம் அதைத் தாங்கும். பாதி அழிந்துபோன சிறுநீரகத்தில் மிச்சமுள்ள வடிகட்டிகள் ஏற்கெனவே இரட்டை வேலை செய்கின்றன. நாள்தோறும் இந்த அழுத்தமும் சேர்ந்தால் அவை தழும்பேறிப் போகும். விலங்குப் புரதத்தில் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் அதிகம் என்பதால் அது செரித்தபின் அமிலம் மிஞ்சும். அந்த அமிலத்தை வெளியேற்றுவதும் சிறுநீரகத்தின் வேலைதான். பரிசோதனைத் தாளில், அமிலம் கூடினால் இறங்குகிற 'பைகார்பனேட்' என்ற வரியைப் பாருங்கள். அது 22க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் கறி அளவையும் சேர்த்துப் பேசுங்கள். பழமும் காயும் இந்த அமிலத்தை ஈடுகட்டும் என்பதால்தான், பொட்டாசியம் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு அவற்றை அதிகம் எடுக்கச் சொல்கிறோம்.

சிவப்பு இறைச்சியைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் 63,000 பேருக்கு மேல் சராசரியாக 15 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. சிவப்பு இறைச்சி கூடக்கூட, சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் வாய்ப்பும் கூடியது. கோழி, மீன், முட்டையில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. கண்காணிப்பு ஆய்வு என்பதால் இதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனாலும் முடிவெடுக்கப் போதுமான குறிப்பு இது. எங்கள் ஆலோசனை: வாரத்தில் அசைவம் உண்ணும் நாட்களில் பெரும்பாலானவற்றைத் தோல் நீக்கிய கோழிக்கும் மீனுக்கும் கொடுங்கள். ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ வாரத்தில் ஒரு முறை, கொழுப்பு நீக்கி, மேலே சொன்ன உள்ளங்கை அளவில் இருக்கட்டும். தொடவே கூடாது என்று சொல்ல மாட்டோம்.

மீனில் ஒன்றைக் கவனியுங்கள். முள்ளோடு மென்று தின்னும் சிறு மீன்களில், சிறுநீரகம் நலிந்தால் ரத்தத்தில் தேங்கும் பாஸ்பரஸ் என்ற தாது மிக அதிகம், ஏனென்றால் எலும்பே கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்ததுதான். பாஸ்பரஸ் ஏறியிருப்பவர்கள் முள் நீக்கிய சதை மீனுக்கு மாறிக்கொள்ளுங்கள். உப்பிட்டு உலர்த்திய மீன் வேண்டவே வேண்டாம்; ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுவதும் போகாது.

கேள்வி: உறைந்த கோழி, சாசேஜ், நகெட்ஸ் போன்றவை சமைக்கச் சுலபம். அளவாகச் சாப்பிட்டால் போதும்தானே?

பதில்: இங்கே அளவு மட்டும் உங்களைக் காப்பாற்றாது. சிறுநீரக நோயாளிக்குக் கறியில் உள்ள பெரிய ஆபத்து ஆடா கோழியா என்பதில் இல்லை, பொட்டலத்தில் இருக்கிறது. இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

இயற்கையான கறியில் உள்ள பாஸ்பரஸில் பாதி அளவே, 40 முதல் 60 சதவீதம், குடலில் உறிஞ்சப்படும். பருப்பு, தானியத்தில் உள்ளது பைட்டேட் என்ற பொருளோடு பிணைந்திருப்பதால் 20–40 சதவீதத்தோடு நின்றுவிடும். தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்போ 90 சதவீதத்துக்கும் மேல் நேரே ரத்தத்துக்குப் போகும். கறி நீர் விடாமல் இருக்கவும், மெத்தென்று இருக்கவும், எடை நிற்கவும் இந்த உப்பைச் சேர்க்கிறார்கள். உறைந்த கோழிக்குள் ஊசியால் ஏற்றுவதும், இறாலை இந்தக் கரைசலில் ஊறவைப்பதும் உண்டு.

பொட்டலத்தின் பின்புறத்தில் பாஸ்பரஸ் எத்தனை மில்லிகிராம் என்று பெரும்பாலும் இருக்காது. சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். சொல்லின் எந்த இடத்திலாவது 'பாஸ்' என்று வந்தால் நில்லுங்கள்: டிரைபாலிபாஸ்பேட், பைரோபாஸ்பேட், பாஸ்பாரிக் அமிலம். எண்ணாகப் போட்டிருந்தால் 338 முதல் 341 வரை, 450, 451, 452. பொட்டாசியம் ஏறியிருப்பவர்கள் 326, 508 என்ற எண்களையும் பாருங்கள். அவை பொட்டாசியம் லாக்டேட்டும் பொட்டாசியம் குளோரைடும். பட்டியலே இல்லாமல் வாங்கிய கோழியோ இறாலோ வாணலியில் போட்டதும் நிறையத் தண்ணீர் விட்டுப் பாதியாகச் சுருங்கினால், கரைசல் ஏற்றியதாக இருக்கலாம் என்று சந்தேகியுங்கள்.

சோடியம் இன்னொரு பக்கம். ஒரு நாளைக்கு மொத்த வரம்பு 2,000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் உப்பு. ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. 100 கிராம் புதிய கோழிக்கறியில் இயற்கையாக இருப்பது 70 மில்லிகிராம் அளவு. அதே 100 கிராம் ஹாம் 1,000 மில்லிகிராமைச் சாதாரணமாகத் தாண்டும். அன்றைய வரம்பில் பாதி ஒரே கடியில் போய்விட்டது. சாசேஜ், சலாமி, பேக்கன் எல்லாம் இதே வரிசைதான். ஆகவே இவற்றை அளவாகச் சாப்பிடலாமா என்றால், விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் பதில். புதிய கறியை வாங்கி, 85 கிராம் பங்குகளாகப் பிரித்து வீட்டிலேயே உறையவைத்துக்கொண்டால் அந்தச் சுலபமும் கிடைக்கும், நிறுக்கும் வேலையும் முடிந்திருக்கும்.

கேள்வி: கறியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பாஸ்பரஸும் பொட்டாசியமும் போய்விடுமா? எப்படிச் செய்வது?

பதில்: முழுவதும் போகாது. கணிசமாகக் குறையும். புரதம் பெரும்பாலும் கறியிலேயே தங்கிவிடும் என்பதால் இது நல்ல உத்தி. ஆனால் செய்கிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது.

எலும்பையும் கொழுப்பையும் நீக்குங்கள். கறியை இரண்டு சென்டிமீட்டருக்கு மிகாத துண்டுகளாகவோ மெல்லிய வில்லைகளாகவோ வெட்டுங்கள். வெட்டுவதுதான் முக்கியம், பெரிய துண்டுக்குள்ளிருந்து உப்புகள் வெளியே வர நேரமே போதாது. ஒரு பங்கு கறிக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் எடுத்து, உப்புப் போடாமல், திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிடுங்கள். கோழியானால் 15–20 நிமிடம், ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ ஆனால் 30 நிமிடம். தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட்டு, பிறகு வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு, சிறிது எண்ணெயில் வதக்குங்கள். உப்பை அடுப்பிலிருந்து இறக்குகிற நேரத்தில் மேலே தூவுங்கள். நாக்கில் முதலில் படுவது மேற்பரப்பு என்பதால், உள்ளே ஊறிய ஒரு தேக்கரண்டி தராத சுவையை மேலே தூவிய கால் தேக்கரண்டி தந்துவிடும். கடைசியில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் உப்புக் குறைவே தெரியாது.

எங்கே தவறுகிறது? பிரஷர் குக்கரில் கொஞ்சமே தண்ணீர் வைத்து வேகவைத்து, அந்தத் தண்ணீரையே மசாலாவில் ஊற்றிவிடுகிறார்கள். கறியிலிருந்து வெளியேறியது அத்தனையும் தட்டுக்குத் திரும்பிவிட்டது. அடுத்தது, கடையில் வாங்கும் மசாலாத் தூள். பல தூள்களில் உப்பு ஏற்கெனவே கலந்திருக்கும். அதன்மேல் நாமும் போடுகிறோம்.

இந்த வேலை எல்லோருக்கும் தேவையில்லை. ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் சரியாக இருப்பவர் கறியின் சுவையையும், தண்ணீரோடு போகிற பி வைட்டமின்களையும் வீணாக இழக்க வேண்டாம். அவர் பார்க்க வேண்டியது கறியின் எடையையும் உப்பையும்தான். சுட்டும் பொரித்தும் கருகவிடுவதை மட்டும் எல்லோரும் குறைத்துக்கொள்ளுங்கள். ஈரமில்லாத கடும் வெப்பத்தில் கறியில் உருவாகும் சில பொருள்களை நலிந்த சிறுநீரகத்தால் எளிதில் வெளியேற்ற முடியாது. சுட்டே ஆக வேண்டுமென்றால் எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்த பின் சுடுங்கள். அந்தப் பொருள்கள் உருவாவது குறையும்.

கேள்வி: கறியே வேண்டாம், எலும்பு சூப் மட்டும் குடிக்கட்டுமே?

பதில்: மேலே சொன்னதைத் தலைகீழாகச் செய்வதுதான் இது. கொட்ட வேண்டிய தண்ணீரைக் குடித்துவிட்டு, சாப்பிட வேண்டிய கறியை ஒதுக்குகிறோம். சூப்பில் பொட்டாசியமும் உப்பும் இருக்கும். புரதம் கறியில் இருப்பதைவிட மிகக் குறைவு. நீர் அளவு கட்டுப்பாடு உள்ளவருக்கு அந்த ஒரு கிண்ணம் அன்றைய தண்ணீர்க் கணக்கிலும் சேரும். சூப் கட்டி கரைத்தது என்றால் உப்புத் தண்ணீரே.

கேள்வி: என் மனைவிக்கு 55 கிலோ. மூன்று மாதமாக வாரம் மூன்று டயாலிசிஸ். இரண்டு வருடமாகக் கறியைக் குறைத்துப் பழகியதால் இப்போதும் அப்படியே சாப்பிடுகிறாள். கறி வாசனையே பிடிக்கவில்லை என்கிறாள். ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் 3.1 ஆகக் குறைந்துவிட்டது.

பதில்: இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் இந்தப் பக்கத்தையே ஒதுக்கினோம் என்று சொல்லலாம். டயாலிசிஸ் தொடங்கிய நாளில் உணவு விதி மாறிவிடுகிறது. அதை வீட்டாருக்குத் தெளிவாகச் சொல்வதற்கு ஆளில்லாமல், பழைய தாளையே பின்பற்றிப் பலர் உருக்குலைந்துபோகிறார்கள்.

ஒவ்வொரு ஹீமோடயாலிசிஸிலும் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலங்கள் இயந்திரத்தோடு போய்விடும். வயிற்று வழி டயாலிசிஸில் நாள்தோறும் 5 முதல் 15 கிராம் புரதம் வெளியேறும். வயிற்றில் தொற்று வந்தால் இன்னும் கூடும். இதை ஈடுகட்ட ஒரு கிலோ எடைக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். உங்கள் மனைவிக்கு 55 முதல் 66 கிராம். டயாலிசிஸுக்கு முன்பு 0.8 வீதம் 44 கிராம் சாப்பிட்டிருப்பார். இப்போது 11 முதல் 22 கிராம் வரை கூட்ட வேண்டும்; நடுவாக 17 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது இப்போது சாப்பிடுவதோடு வெந்த கறியோ மீனோ 75 கிராம், அல்லது முட்டை வெள்ளைக்கரு ஐந்து.

வாசனை பிடிக்காமல் போவது பிடிவாதம் அல்ல. ரத்தத்தில் யூரியா தேங்கும்போது நாக்கில் உலோகச் சுவை தட்டும்; அதிலும் சிவப்பு இறைச்சி முதலில் வெறுத்துப்போகும். சூடாக ஆவி பறக்கக் கொடுத்தால் வாசனை இன்னும் தூக்கும். வேகவைத்த கோழியை ஆறவைத்து, பஞ்சு போல உதிர்த்து, எலுமிச்சையும் மிளகும் சேர்த்துக் கொடுங்கள். உலோகக் கரண்டிக்குப் பதில் மரக் கரண்டி கொடுத்துப் பாருங்கள். சாப்பிடுமுன் வாயைக் கொப்பளிக்கட்டும். ஒரே வேளையில் 75 கிராம் இறங்காவிட்டால் மூன்று வேளையாகப் பிரியுங்கள். இது எதுவும் உதவாமல் பசியே இல்லை என்றால் டயாலிசிஸ் அளவு போதவில்லையோ என்று மருத்துவர் பார்க்க வேண்டும். ஆல்புமின் 3.1க்கு உணவு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. மறைந்திருக்கும் தொற்றும் அழற்சியும்கூட அதை இறக்கும். அதையும் கேளுங்கள்.

புரதத்தைக் கூட்டினால் பாஸ்பரஸ் ஏறுமே என்ற பயம் நியாயமானதுதான். ஒரு கிராம் புரதத்தோடு எவ்வளவு பாஸ்பரஸ் வருகிறது என்று பாருங்கள்: வெள்ளைக்கருவில் 2 மில்லிகிராமுக்கும் குறைவு, புதிய கோழிக்கறியில் 7–8, பாலில் 28 அளவு. கூட்டுவதை வெள்ளைக்கரு, கோழி, மீனில் கூட்டுங்கள். பாலிலும் பாலாடைக்கட்டியிலும் வேண்டாம். பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதைச் சாப்பாட்டோடு, கறி உள்ள வேளையில் போட வேண்டும். வெறும் வயிற்றிலோ சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ போட்டால் பிடிக்க அங்கே பாஸ்பரஸே இருக்காது. கறியை மாலைக்கு மாற்றினால் மாத்திரையும் மாலைக்கு நகர வேண்டும். டயாலிசிஸ் நடக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும் வழக்கம் உள்ளவர் படுக்கையிலேயே வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். முடிந்து வந்தபின் சாப்பிடட்டும்.

கேள்வி: விருந்துக்கு மறுநாள் காலை ரத்தம் கொடுத்தேன். கிரியாட்டினின் 1.6இலிருந்து 1.9 ஆகிவிட்டது. ஒரே விருந்தில் சிறுநீரகம் கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. கறியில் கிரியாட்டின் இருக்கிறது. சமைக்கும் சூட்டில் அதில் ஒரு பகுதி கிரியாட்டினினாக மாறிவிடும். அது குடல் வழியே ரத்தத்தில் சேர்ந்து சில மணி நேரம் கிரியாட்டினின் அளவை உயர்த்திக் காட்டும். பரிசோதனைக்கு முந்தைய 12 மணி நேரம் எந்த இறைச்சியும் வேண்டாம் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் வழிகாட்டுதல். முந்தின இரவு கறியில்லாமல் சாப்பிட்டு, இன்னொரு முறை கொடுத்துப் பாருங்கள். அப்போதும் 1.9 வந்தால் விருந்தின் மேல் பழி போடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: முட்டையில் மஞ்சள் கரு கூடாதா?

பதில்: ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். வெள்ளையில் மூன்றரை, மீதி மஞ்சளில். பாஸ்பரஸ் ஏறக்குறைய முழுவதும் மஞ்சளில்தான். ரத்தத்தில் பாஸ்பரஸ் சரியாக இருப்பவர் கணக்குக்கு உட்பட்டு முழு முட்டை சாப்பிடலாம். ஏறியிருப்பவர் ஒரு முழு முட்டையோடு இரண்டு வெள்ளை என்று சேர்த்துக்கொள்ளலாம். பச்சையாக அடித்துக் குடிக்காதீர்கள்.

கேள்வி: ஹீமோகுளோபின் 9. ரத்தம் ஊற வாரம் இரண்டு முறை ஈரல் சாப்பிடச் சொல்கிறார்கள்.

பதில்: சிறுநீரக நோயில் ரத்தம் குறைவதற்கு முக்கியக் காரணம், எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற சுரப்பைச் சிறுநீரகம் போதுமான அளவு தயாரிக்காததுதான். எவ்வளவு ஈரல் தின்றாலும் அந்தச் சுரப்பு வராது. இரும்புச் சத்தும் குறைந்திருக்கலாம். அதற்கு, உடலில் உள்ள இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற இரண்டு பரிசோதனைகளையும் பார்த்து மருந்தாகத்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

ஈரலில் பாஸ்பரஸ் சதைக் கறியைவிட ஏறக்குறைய இரு மடங்கு. யூரிக் அமிலமாக மாறும் பியூரினும் மிகுதி. அதைவிட, வைட்டமின் ஏ: 100 கிராம் ஈரலில் ஒரு நாள் தேவையைப் போலப் பல மடங்கு இருக்கிறது. நலிந்த சிறுநீரகம் உள்ளவர் உடலில் இந்த வைட்டமின் தேங்கி எலும்பைக் கெடுக்கும். வாரம் இரண்டு முறை வேண்டாம். மூளை, மண்ணீரல் போன்ற மற்ற உறுப்புக் கறிகளையும் இதே வரிசையில் வைத்துத் தவிருங்கள்.

கேள்வி: உப்புக்குப் பதில் 'சோடியம் குறைந்த உப்பு' போட்டுக் கறி சமைக்கலாமா?

பதில்: கூடாது. அதில் சோடியத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வைத்திருப்பது பொட்டாசியம் குளோரைடு. ரத்த அழுத்தத்துக்கு ரேமிப்ரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே மேல் விளிம்பில் நிற்கும். அது இன்னும் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். முன்னறிவிப்பு இல்லாமலும் நடக்கும். சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள்.

கேள்வி: எனக்குச் சிறுநீரகக் கல் மட்டும்தான், கிரியாட்டினின் சரியாக இருக்கிறது. கறியை விட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம், குறையுங்கள். கறி மிகுந்தால் சிறுநீரில் அமிலத்தன்மை கூடும். யூரிக் அமிலம் கூடும். கல் சேராமல் தடுக்கிற சிட்ரேட் குறையும். கால்சியம் அதிகமாக வெளியேறும். நான்கும் கல்லுக்கு உதவுபவை. இத்தாலியில் கால்சியம் கல் திரும்பத் திரும்ப வந்த ஆண்களை ஐந்து ஆண்டுகள் கண்காணித்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கறியையும் உப்பையும் குறைத்து, கால்சியத்தை வழக்கம்போல உண்ட 60 பேரில் 12 பேருக்கு மீண்டும் கல் வந்தது. கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு வந்தது. ஆகவே பாலை நிறுத்திவிட்டுக் கறியைத் தொடர்வது நேர்மாறான வைத்தியம். ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். இந்தத் தண்ணீர் அளவு உங்களுக்குத்தான். இதே பக்கத்தைப் படிக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கு இல்லை.

கேள்வி: எட்டு வயது மகனுக்குச் சிறுநீரகப் பாதிப்பு, இரண்டாம் நிலை. கறியைக் குறைக்கலாமா?

பதில்: நீங்களாகக் குறைக்காதீர்கள். வளரும் பிள்ளைகளுக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்தினால் உயரமும் எடையும் நின்றுபோகும். 0.8 கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. பொட்டலக் கறியை நிறுத்துங்கள், உப்பைக் குறைவாகப் போடுங்கள். மற்றதைக் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி இரண்டு மாதம் ஆகிறது. இனி எல்லாக் கறியும் சாப்பிடலாமா?

பதில்: அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் புண் ஆறவும், ஸ்டீராய்டால் கரையும் தசையை ஈடுகட்டவும் புரதம் கூடுதலாகக் கொடுப்பார்கள். அது முடிந்ததும் மற்றவர்களைப் போல 0.8–1.0 கிராம் அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். பொருத்திய சிறுநீரகம் ஒன்றே ஒன்று. பசி அதிகமாக எடுக்கும், அது மருந்தின் வேலை.

உங்களுக்கு இப்போது அளவைவிடப் பெரிய கவலை கிருமி. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுக்கிறீர்கள். பச்சை மீன், அரைவேக்காட்டுக் கறி, பாதி வெந்த முட்டை, நத்தை, சிப்பி எதுவும் வேண்டாம். கோழியின் தடித்த பகுதியில் உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். குத்தி அளக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வேகாத கோழியும் வெளுத்துத் தெரியும். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவினால் தெறிக்கும் நீர் பக்கத்திலுள்ள பாத்திரங்களிலெல்லாம் கிருமியைப் பரப்பும். கழுவாமல் நேரே கொதிநீரில் போடுங்கள். கறி வெட்டும் பலகையும் கத்தியும் தனியாக இருக்கட்டும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மறுநாள் எடுக்கும்போது ஓரம் மட்டும் சூடாகாமல் நடுவிலும் ஆவி வரும்வரை சூடாக்குங்கள்.